திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஒழுங்கையில் வெடி கொளுத்துவதற்கு முன்

ஒவ்வோர் ஐப்பசியிலும் எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த யாராவது ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்: “அண்ணை, இங்கை வெடி கொளுத்தலாமோ? பொலிஸ் பிரச்சினை ஒண்டும் வராதே?” இடமாற்றம் கிடைத்து வந்த உத்தியோகத்தர்கள், வங்கிக்காரர், வளாகத்தில் படிக்க வந்த பிள்ளைகள், உவர்மலையிலோ பாலையூற்றிலோ வாடகைக்கு வீடு எடுத்த இளம் குடும்பங்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். வேலியோரம் நின்று சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன். கொளுத்தலாம். எந்த நாள், எந்த நேரம், எந்தச் சாமான், யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் என்பதைப் பார்த்துக் கொளுத்த வேண்டும்.

ஊரின் வெடி நாட்கள்

தைப்பொங்கல் காலை, சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, நத்தார், டிசம்பர் 31 நள்ளிரவு. இந்த நாட்களில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். சித்திரையில் மட்டும் நேரம் உங்கள் கையில் இல்லை. வருடம் பிறக்கும் நேரத்தைப் பஞ்சாங்கம் சொல்லும். சிங்கள அயலவர்கள் தங்கள் சுபநேரத்துக்குக் கொளுத்துவார்கள். அது விடியப்புறம் இரண்டு மணியாகவும் இருக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர் அந்த நேரத்தை முதல் நாளே பத்திரிகையில் பார்த்து வைத்துக்கொண்டால் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

வெடிச் சத்தம் கேட்டதும் கொண்டாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டிலிருந்து பாடை புறப்படும்போதும் வெடி கொளுத்துவது உண்டு. வெள்ளைக்கொடி கட்டியிருக்கிறதா என்று வெளியே வந்து பாருங்கள். தெருவில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும் வரை அந்த வீட்டுக்கு அருகில் சத்த வெடி வேண்டாம். மத்தாப்பும் சக்கரமும் உங்கள் வளவுக்குள் போதும். இதை யாரும் உங்களுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுக்காரர் நெடுங்காலம் மனதில் வைத்திருப்பார்கள்.

இன்னொரு நாளும் இருக்கிறது. டிசம்பர் 26. 2004இல் சுனாமியாகக் கடல் வந்த நாள். காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் மௌனம் காக்கும். திருக்கடலூர், நிலாவெளி, கிண்ணியா என்று எங்கள் கரையோரம் எங்கும் அன்று படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கும் வீடுகள் உள்ளன. நத்தாருக்கு வாங்கி மிஞ்சிய வெடியை அன்று எடுக்காதீர்கள். 31ஆம் திகதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிழமைக்கு முன்: தெருவை நடந்து பாருங்கள்

பின்னேரம் ஒரு தடவை ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடவுங்கள். மேலே பார்த்து மின்கம்பி எங்கே தாழ்வாகப் போகிறது, எந்தத் தென்னையில் காய்ந்த ஓலை தொங்குகிறது என்று கவனியுங்கள். கிடுகு வேலி, கிடுகு மேய்ந்த கோழிக்கூடு, வைக்கோல், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் கொட்டில், சமையல் எரிவாயு சிலிண்டர் வைத்திருக்கும் பின்புறம் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு அருகில் வீடென்றால் மீனவர் வாடிகளையும் பாருங்கள். கண்ணாடியிழைப் படகும் நைலோன் வலையும் ஒரு பொறியில் பற்றும். ஒரு வலை எரிந்தால் ஒரு குடும்பத்தின் அந்தப் பருவத்து உழைப்பு போய்விடும்.

பிறகு அயலவரிடம் போங்கள். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. யுத்த காலத்தில் வெடி கொளுத்தாத தீபாவளிகள் பலவற்றை நாங்கள் கடந்து வந்தோம். அன்று கேட்ட சத்தங்கள் வேறு. 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து கையில் கிடைத்ததோடு ஓடிவந்த குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. எங்கள் ஒழுங்கையிலேயே ஓர் அம்மா இருக்கிறார். முன்னறிவிப்பு இல்லாமல் யானை வெடி ஒன்று வெடித்தால் மேசைக்குக் கீழே போய் இருந்துவிடுவார். பிறகு அழுவார். நேரம் சொல்லிவிட்டு வெடித்தால் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, சில வேளை சிரித்தும் இருக்கிறார். சத்தம் ஒன்றுதான். முதலே தெரிந்திருப்பது அவருக்கு அவ்வளவு பெரிய உதவி.

என்ன சொல்வது என்று கூச்சப்பட வேண்டாம். இப்படிக் கேட்டால் போதும்:

“அன்ரி, நாளண்டைக்குக் காலமை பொங்கல். ஒரு சரம் சீனவெடி கொளுத்துவம். ஆறரைக்குத் துவங்கினா கால் மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். உங்களுக்கு ஏதும் கரைச்சலோ?”

முஸ்லிம் அயலவர் என்றால் நானா, ராத்தா என்று கூப்பிட்டு, சுபஹுத் தொழுகையும் இஷாத் தொழுகையும் எத்தனை மணிக்கு என்று கேட்டு அந்த நேரங்களை விட்டுவிடுங்கள். தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பூசை நேரத்தை விசாரியுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இளைப்பு நோய்க்காரர், பிறந்து சில நாளேயான குழந்தை, இதய நோயாளி என்று எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது இந்த நடையிலேயே தெரிந்துவிடும். பொங்கலன்று அந்த வீடுகளுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலும் போகட்டும்.

சட்டமும் நேரமும்

இலங்கையில் வெடிபொருள் செய்வது, களஞ்சியப்படுத்துவது, விற்பது எல்லாம் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்குள் வருகின்றன. அனுமதிப்பத்திரம் மாவட்டச் செயலகம் வழியாகக் கொடுக்கப்படுகிறது. நம்மவர்கள் இன்றும் கச்சேரி என்று சொல்லும் இடம் அது. வீட்டில் மருந்து இடித்து வெடி செய்வது குற்றம். குழாய்க்குள் கார்பைட் போட்டு வெடிக்கவைக்கும் விளையாட்டையும் பிள்ளைகளிடம் கண்டால் உடனே பறித்துவிடுங்கள். நகரத்துக்கு வெளியே வயல் பக்கம் குடியிருக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: யானை விரட்டக் கமக்காரருக்குக் கொடுக்கும் அலிவெடி பண்டிகைச் சாமான் இல்லை. யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அதன் வேகம் கையைக் கொண்டுபோய்விடும்.

இரவு நேரத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒலிபெருக்கி பற்றி 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரம் அமைதிக்கு உரியதாக வைக்கப்பட்டது. அது ஒலிபெருக்கிக்கான உத்தரவு. ஆனாலும் வெடிக்கும் அதே நேரத்தைக் கடைப்பிடிப்பதுதான் அயலுக்கு நல்லது. டிசம்பர் 31 நள்ளிரவும் வருடப்பிறப்பு நேரமும் விலக்காக நடந்து வருகின்றன. அப்போதும் பத்துப் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் 119க்கு யாராவது அழைப்பார்கள். அழைப்பவர் மேல் கோபப்பட நியாயம் இல்லை.

சில இடங்களில் எந்த நேரத்திலும் வேண்டாம். பொது வைத்தியசாலையைச் சுற்றியும் பெற்றோல் செட்டுகளுக்கு அருகிலும் கொளுத்தாதீர்கள். கோணேசர் கோயிலுக்குப் பிரட்ரிக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. தீபாவளிக் காலை கோயிலுக்குப் போகும்போது பிள்ளையின் சட்டைப் பையில் சீனவெடி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து எடுத்துவிடுங்கள். கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத் தளமும் எண்ணெய்க் குதங்களும் உள்ள ஊர் இது. மெழுகுதிரி ஏற்றி வானத்தில் பறக்கவிடும் காகித விளக்கு எங்கே போய் விழும் என்று விட்டவருக்கே தெரியாது. அதை இங்கே விடாதீர்கள். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. விருந்தினரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வாணம் எதையும் படகில் ஏற்ற வேண்டாம்.

வாங்கும்போது

கொழும்பிலோ நீர்கொழும்புப் பக்கத்துக் கிம்புலாப்பிட்டியிலோ மலிவு என்று பை நிறைய வாங்கி, இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ கொண்டு வருபவர்கள் உண்டு. அடைத்த பெட்டிக்குள் நூறு பேர் உறங்கும்போது அந்தப் பை இருக்கைக்குக் கீழே கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பொதுப் போக்குவரத்தில் வெடிபொருள் ஏற்றவே கூடாது. இங்கேயே அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. வெயில் படும்படி தெருவோர மேசையில் பரப்பி வைத்திருப்பதை விட்டுவிடுங்கள். கடைக்குப் பெரியவர் போங்கள், பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

எதை வாங்குவது என்பதை உங்கள் இடம்தான் தீர்மானிக்கிறது. நகரத்து ஒழுங்கைகள் பல, ஓர் ஓட்டோ போனால் எதிரே சைக்கிள் ஒதுங்க வேண்டிய அகலம். அங்கே ஈர்க்குவாணம் விடவே கூடாது. போத்தலில் குத்தி விட்ட வாணம் போத்தல் சரிந்து குறுக்காகப் போய்ப் பக்கத்து வீட்டு யன்னலால் நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒழுங்கைக்கும் முற்றத்துக்கும் கம்பி மத்தாப்பு, நிலச்சக்கரம், பூவாணம், சிறிய சீனவெடிச் சரம் போதும். பூவாணத்துக்கு 6 மீற்றர் தள்ளி நிற்க இடம் வேண்டும். வானத்தில் வெடிக்கும் ‘ஷொட்’ பெட்டிக்குக் குறைந்தது 25 மீற்றர் வெறும் வெளி வேண்டும். வளவில் அது கிடைக்காது. நாலைந்து குடும்பம் சேர்ந்து காசு போட்டு ஒன்று வாங்கி, வெறும் மணல்வெளியில் பொறுப்பான ஒருவர் கொளுத்த, எல்லாரும் தள்ளி நின்று பார்ப்பதையே நான் விரும்புவேன். செலவும் குறையும், பிள்ளைகளுக்கும் அது பெரிய காட்சி.

வைத்திருக்கும்போது

தீபாவளி எங்கள் மழைக்காலத்தின் வாசலில் வருகிறது. மார்கழி முழுவதும் ஈரம். சாமான் நமுத்துவிடும் என்று தகரக் கூரையில் காய வைப்பது பல வீட்டுப் பழக்கம். அடுப்பங்கரை மேல்தட்டில் வைப்பவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து. நமுத்த வெடி பாதி எரிந்து, நின்று, நீங்கள் கிட்டப் போகும் நேரம் பார்த்து வெடிக்கும். வாங்கிய பெட்டியோடு, மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத அறையில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பண்டிகைக்கு இரண்டு மூன்று நாளைக்கு முன் வாங்கினால் நமுக்கவும் நேரமிருக்காது.

கொளுத்தும் நாளில்

முதல் வேலை தண்ணீர். குழாய்த் தண்ணீர் பண்டிகை நாளில் மெல்ல வரக்கூடும். முதல் நாள் இரவே இரண்டு வாளி நிரப்பி வையுங்கள். கிணறு உள்ள வீட்டில் வாளியும் கயிறும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு வாளி மணலும் வேண்டும். மண்ணுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

அடுத்தது காற்று. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வாடைக்காலத்தில், அதாவது தீபாவளிக்குப் பிறகு தைப்பொங்கல் வரை, கடலிலிருந்து கரைக்கு வீசும். உப்புவெளிக் கரையில் கடலை நோக்கி விட்ட வாணமும் திரும்பிக் கூரைப்பக்கம் வரும். கச்சான் வீசும் மாதங்களில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஆனால் அந்தக் காலத்தில் புல்லும் ஓலையும் காய்ந்து கிடக்கும். சித்திரையில் பின்னேரம் ஒரு காற்று, இரவு வேறு காற்று. மரக்கிளை ஆடும் அளவுக்குக் காற்றென்றால் சீனவெடியோடு நிறுத்துங்கள்.

உடுப்பையும் சொல்ல வேண்டும். பண்டிகைக்கு வாங்கிய பளபளக்கும் நைலோன் பாவாடையும் பொலியெஸ்டர் சேர்ட்டும் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கோயிலுக்குப் போய் வந்ததும் பிள்ளைகளுக்குப் பழைய பருத்திச் சட்டை மாற்றிவிடுங்கள். தாவணி, சேலைத் தலைப்பைச் சொருகிக்கொள்ளுங்கள். நீண்ட தலைமுடியைப் பின்னிக் கட்டுங்கள். வெறுங்காலோடு நிற்க விடாதீர்கள். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை மிதித்துத்தான் பிள்ளைகளின் கால் சுடுகிறது. அந்தக் கம்பி எரியும்போது 1000 பாகை செல்சியசையும் தாண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் கம்பி மத்தாப்புக் கொடுக்காதீர்கள். மற்றவர்கள் கையை நீட்டிப் பிடித்து, ஆளுக்காள் ஒரு பாய் அகலம் தள்ளி நிற்கட்டும். முடிந்த கம்பி உடனே தண்ணீர் வாளிக்குள்.

பொங்கல் காலையில் தனிக் கவனம் வேண்டும். முற்றத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, பானையைச் சுற்றி வீட்டார் எல்லாரும் நிற்கிறார்கள், பால் பொங்கி வழியும் கணத்தில் சரத்துக்கு நெருப்பு வைக்க ஒரு பையன் துடித்துக்கொண்டு நிற்கிறான். சரத்தை முற்றத்துக்கு வெளியே, படலைக்கு அப்பால், ஒரு தடியில் தொங்கவிடுங்கள். அடுப்புக்கும் சரத்துக்கும் இடையில் பத்து மீற்றராவது இருக்கட்டும். வெடிப் பெட்டி அடுப்படியில் கிடக்கவே கூடாது. “பொங்கலோ பொங்கல்” என்று உள்ளே குரல் கேட்டால் வெளியே நிற்பவர் கொளுத்தட்டும். சத்தம் அங்கிருந்து நன்றாகவே கேட்கும்.

கொளுத்துபவர் ஒருவர்தான், அவர் பெரியவர், அன்று குடித்திருக்கக் கூடாது. நெருப்புக்குச்சியை விட நீண்ட ஊதுபத்தி நல்லது. குனிந்து முகத்தை மேலே கொண்டு போகாமல், பக்கவாட்டில் இருந்து கையை நீட்டித் திரியைத் தொட்டதும் திரும்பி நடக்க வேண்டும். கையில் பிடித்துக் கொளுத்தி எறிவது, பேணியால் மூடி வெடிக்க வைப்பது, நாயின் வாலுக்குக் கிட்டே போடுவது மூன்றையும் கண்ட இடத்தில் நிறுத்துங்கள்.

வெடிக்காவிட்டால்

என் இடது பெருவிரல் நகம் வளைந்துதான் வளர்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வெடி புஸ்ஸென்று நின்றுவிட்டது. கிட்டப் போய்க் கையில் எடுத்து ஊதினேன். விரல் போகாமல் தப்பியது கடவுள் செயல் என்று அம்மா சாகும் வரை சொன்னார். பக்கத்தில் நின்ற தங்கச்சியின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

அதனால் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வெடிக்காத வெடிக்கு இரண்டாம் தடவை நெருப்பு இல்லை. இருபது நிமிடம் யாரும் கிட்டப் போகாமல் விடுங்கள். பிறகு தள்ளி நின்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மண்வெட்டியால் அள்ளித் தண்ணீர் நிறைந்த வாளியில் போடுங்கள்.

சுட்டுவிட்டால்

உடுப்பில் நெருப்புப் பிடித்த பிள்ளை ஓடும். ஓடவிடாமல் நிலத்தில் கிடத்தி உருட்டுங்கள், அல்லது கனத்த பருத்தித் துணியால் போர்த்துங்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரை மாறி மாறி ஊற்றுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். பற்பசை, மஞ்சள், தேங்காயெண்ணெய், முட்டை வெள்ளை எதுவும் பூசாதீர்கள். மோதிரம், காப்பு ஆகியவற்றை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். முகம், கை, மூட்டுகளில் பட்டதும், பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிதானதும் கட்டாயம் வைத்தியர் பார்க்க வேண்டியவை. ஏற்புவலி ஊசி பற்றியும் அங்கே கேளுங்கள்.

கண்ணில் பட்டால் கசக்கவோ அழுத்தவோ குத்தி நிற்பதை எடுக்கவோ கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் படாதபடி மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே புறப்படுங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை. 110 தீயணைப்பு. 119 பொலிஸ். இந்த மூன்றையும் வீட்டு முகவரியோடும் வழியில் உள்ள ஓர் அடையாளத்தோடும் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பதற்றத்தில் ஒழுங்கையின் பெயர் நினைவுக்கு வராது.

மறுநாள் காலை

கோட்டைப் பக்கத்திலும் கடற்கரையிலும் பஸ் நிலையத்தடியிலும் திரியும் புள்ளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். வெடிச் சத்தத்துக்கு அவை மிரண்டு தெருவுக்குக் குறுக்கே பாயும். கொண்டாட்ட இரவில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டுங்கள். விடிந்ததும் அவை தீனி தேடி வரும். பொலித்தீனும் காகிதமும் அவற்றின் வயிற்றுக்குள் போவதை இந்த ஊரில் நாங்கள் கண்ணால் கண்டுகொண்டிருக்கிறோம். வெடிக் குப்பையில் மருந்தும் ஒட்டியிருக்கும். ஆகவே இரவே கூட்ட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் விடியும் முன் எழும்புங்கள். உங்கள் வாசலோடு நிற்காமல், சரம் சிதறிய தூரம் வரை பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

கூட்டியதைக் குவித்து நெருப்பு வைக்காதீர்கள். முற்றத்துக் குப்பையை எரிப்பது நம் எல்லாருக்கும் பழக்கம். வெடிக்காமல் தப்பிய இரண்டு மூன்று அந்தக் குவியலுக்குள் கிடக்கும். தும்புத்தடியோடு பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் வீட்டு அம்மாவாகத்தான் இருப்பார். எல்லாவற்றையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, நீரை வடித்து, பையில் கட்டி, என்ன இருக்கிறதென்று சொல்லியே குப்பை வண்டிக்காரரிடம் கொடுங்கள். கம்பிகளைத் தனியாகக் கட்டுங்கள், அவர்கள் வெறுங்கையால் அள்ளுகிறார்கள்.